கழுத்துக்குக் கீழே

கண் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் அது கண்ணாகவே இருக்காது, பழுப்பும் கறுப்புமாகச் சின்னச் சின்னச் சதுரங்களாக உதிர்ந்துவிடும் என்று ஆவுடையப்பனுக்குப் பட்டது. ஆனால் ரோஸ்லின் நிறுத்துகிற மாதிரி இல்லை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் இருந்த அந்த ஸ்டுடியோவில், ஏசி போட்டும் புழுங்குகிற உள்ளறையில், கம்ப்யூட்டர் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் இவர். மணி பத்தரை. ஆஸ்பத்திரி டூட்டி மத்தியானம் இரண்டுக்குத்தான். அதற்குள் முடிந்துவிடும் என்று அவள் சொல்லியிருந்தாள். பாஸ்போர்ட் சைஸ் படம் அது. பழைய ரேஷன் கார்டு உறைக்குள் இருபத்துநாலு வருஷம் கிடந்ததில் வலது கன்னத்தின் குறுக்கே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அந்தக் கோட்டை ரோஸ்லின் ஒரு பக்கத்தில் இருந்து தடவித் தடவி அழித்துக்கொண்டு வந்தாள், காயத்துக்கு மருந்து போடுகிற மாதிரி. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்த முகம். இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்தது இல்லை. கட்டைவிரல் அளவு முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்க்க முடியும், அதுவும் பெண்டாட்டி செண்பகம் பக்கத்தில் நிற்கும்போது. மூக்கு நுனியில் ஒரு சின்னத் தழும்பு இருப்பது இப்போதுதான் தெரிகிறது. அம்மைத் தழும்பா, சின்ன வயதில் விழுந்ததா, செண்பகத்துக்குத் தெரியும், கேட்டது இல்லை. "இவங்க உங்களுக்கு யாரு அண்ணாச்சி?" என்று ரோஸ்லின் திரும்பாமலே கேட்டாள். கேள்வி சாதாரணம்தான். ஆனால் அவர் வாயைத் திறந்த பிறகுதான் உள்ளே வார்த்தை இல்லை என்பது தெரிந்தது. பெண்டாட்டியின் தங்கச்சி புருஷன் என்றால் சகலன். அண்ணன் தம்பி என்றால் மச்சினன். மகள் போகிற வீட்டுக்காரர் சம்பந்தி. மாடியில் குடியிருக்கிறவருக்குக்கூட மாமா என்று ஒரு முறை வந்துவிடுகிறது. பெண்டாட்டியின் முதல் புருஷனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. யாரும் இதுவரை கேட்காததால் அவரும் தேடிப் பார்த்தது இல்லை. "எம் பொண்ணோட அப்பா" என்றார். மவுஸ் நின்றது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், பிறகு மேஜையில் கிடந்த சின்னப் படத்தைப் பார்த்தாள். "சரி அண்ணாச்சி" என்று மறுபடி கோட்டை அழிக்கப் போய்விட்டாள். அந்த ஒரு 'சரி'க்காக அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது அவருக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தாரணி அவர் கையில் போனைக் கொடுத்து, மண்டபம் பார்த்துவிட்டு வந்த படங்கள் இருக்கு, தள்ளித் தள்ளிப் பாருங்கப்பா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். ஆவணியில் கல்யாணம், இன்னும் மூன்று வாரம். அவர் பந்தி நடக்கிற இடத்தைப் பார்த்தார், கை கழுவுகிற இடத்தைப் பார்த்தார், மணவறையைப் பார்த்தார், ஒன்றைக் கூடுதலாகத் தள்ளிவிட்டார். தாரணி நிச்சயதார்த்தத்துக்குக் கட்டியிருந்த அரக்குச் சேலையில் நிற்கிறாள். பக்கத்தில் கோட்டு சூட்டு போட்ட ஒருவன். முதலில் மாப்பிள்ளை என்றுதான் நினைத்தார். பிறகு புருவத்தைப் பார்த்தார். புருவம் மட்டும் செண்பகத்தின் முதல் புருஷன் வேல்மயிலுடையது. மற்றபடி மெழுகு பூசின கன்னம், விளம்பரத்தில் வருகிறவன் போல முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. சேலை மடிப்புக்குப் பக்கத்தில் இருந்த கையில் ஆறு விரல். ஏதோ ஒரு ஆப்பில் இரண்டு படத்தைப் போட்டால் அது சேர்த்துக் கொடுத்துவிடுமாம், ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் பேசிக்கொண்டதை அவர் கேட்டிருக்கிறார். அவர் போனைக் கவிழ்த்து வைத்து, மண்டபம் நல்லாருக்கும்மா என்றார். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்க நெஞ்சைக் காட்டி நிற்கிறவர்களிடம் மூச்சைப் பிடிங்க என்று சொல்லிவிட்டு, விடுங்க என்று சொல்ல இரண்டு தடவை மறந்துபோனார். எது உறுத்தியது என்று தனக்குத்தானே துருவிப் பார்த்தார், வெளிச்சப் பெட்டியில் பிலிமை மாட்டிப் பார்க்கிற மாதிரி. பிள்ளை தன்னைப் பெற்ற அப்பாவைத் தேடினாளே என்றா? இல்லை. தேடாமல் இருந்தால்தான் அவருக்குக் கவலையாக இருந்திருக்கும். நாலு வயதில் அவளை மடியில் வைத்துக்கொண்டு இது யார் என்று செண்பகம் அந்தப் படத்தைக் காட்டினபோது, 'படத்தப்பா' என்று தானாகவே பேர் வைத்தவள் அவள். நீ அப்பா, அது படத்தப்பா. அப்போது வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். எப்போது அந்தப் பேர் நின்றது? அவர் மனசு சங்கடப்படும் என்று பிள்ளைக்கு எந்த வயதில் புரிந்தது? அதுதான் உறுத்தியது. ஒளித்துச் செய்திருக்கிறாள். ஒளித்துச் செய்ததால் ஆறு விரல் உள்ள ஒருவனைத்தான் அவளால் பெற முடிந்திருக்கிறது. அவனோடு அவள் தலையைச் சாய்த்து நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. யாரோ ஒருவன். அவள் அப்பாகூட இல்லை. அதனால் இன்று காலை செண்பகம் குளிக்கப் போனதும் பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டு உறையில் இருந்து படத்தை எடுத்து, திருடனைப் போலச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். இது ஒன்றுதான் அவளிடம் இருக்கிறது. வேல்மயில் வேலை பார்த்த மில்லில் கேட் பாஸுக்கு எடுத்ததில் மிச்சம் வந்த படம். கல்யாண ஆல்பம் வேல்மயிலின் அம்மா வீட்டில் இருந்தது. செண்பகம் இரண்டாம் கல்யாணம் பண்ணினதும் அந்த வீட்டுக் கதவு சாத்தினது சாத்தினதுதான்.

"கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி" என்றாள் ரோஸ்லின். கோடு முழுக்க மறைந்திருந்தது. திரையில் வேல்மயில் காலரோடு நின்றுபோயிருந்தான். "நீங்க குடுத்த நிச்சயதார்த்தப் படத்துல பொண்ணு முழு உயரத்துல நிக்கிறா. இவங்களுக்கு ஒடம்பு வேணும். நம்மகிட்ட ரெடியா இருக்கு, பாருங்க." வரிசையாகத் தலையில்லாத உடம்புகள் வந்தன. கோட்டு போட்டது, ஜிப்பா போட்டது, பட்டு வேட்டி கட்டி மாலையோடு கூப்பின கை. தலை மட்டும் வெள்ளை ஓட்டையாக இருந்தது. இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் அவர் முகம் இல்லாத உடம்புகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். விலா எலும்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஆனாலும் இவற்றைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. ஊரில் யாருடைய தலையையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக நிற்கிற உடம்புகள். இதில் ஒன்றை எடுத்தால் அந்த ஆப் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? "இது வேண்டாம்மா" என்றார். "அப்ப அவங்க அண்ணன் தம்பி, அந்த வாகுல இருக்கற சொந்தக்காரங்க யாராவது இருந்தா ஒரு படம் எடுத்துக்கலாம். வீட்டுச் சட்டை, வீட்டு வேட்டி, கை காலு எல்லாம் இயல்பா இருக்கும். முகத்த மட்டும் மாத்திருவேன், கண்டுபிடிக்கவே முடியாது." அந்தக் குடும்பத்தில் யார் வருவார்கள். பிறகு வேறு யாரோ சொல்வது போல அவர் குரல் கேட்டது. "நான் நின்னா ஆகாதா?" அவள் தலை முதல் கால் வரை பார்த்தாள், தையல்காரர் பார்க்கிற மாதிரி. "ஆகுமே. ஏன் ஆகாது?"

அடுத்த அறையில் சாம்பல் நிறத் துணிக்கு முன்னால் அவரை நிறுத்தினாள். நிச்சயதார்த்தப் படத்தில் வெளிச்சம் தாரணிக்கு இடது பக்கத்தில் இருந்து வந்திருக்கிறது, அதனால் விளக்கை இடது பக்கம் நகர்த்தினாள். ஒரு விளக்குத் தண்டை அவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தாரணியின் தோள் உயரத்துக்கு ஏற்றி, மேலே ஒரு துண்டைச் சுற்றி வைத்தாள். "இதுதான் பொண்ணுன்னு வச்சிக்கிடுங்க. கிட்ட நில்லுங்க." அவர் நின்றார். "இன்னும் கிட்ட." ஒரு சாண் இடைவெளி இருந்தது. அது அவரே அறியாமல் அவர் கால்கள் விடுகிற இடைவெளி. தாரணி பெரியவளான வருஷம், செண்பகவல்லி அம்மன் கோயில் தேரோட்டத்தில், கூட்டம் நெரிக்கிறதே என்று அவள் தோளைப் பிடித்து முன்னால் நடத்திக்கொண்டு போனார். செண்பகத்தின் பெரியம்மா ஒருத்தி பார்த்தாள். பார்த்ததோடு விடவில்லை, சாயங்காலம் செண்பகத்தைத் தனியாகக் கூப்பிட்டு, வளர்ந்த பிள்ளை, அவரு என்ன பெத்தவரா, நாலு பேரு பாக்காங்க என்று சொல்லியிருக்கிறாள். செண்பகம் அதை அவரிடம் அழுதுகொண்டே சொன்னாள், சொல்லிவிட்டு அந்தப் பெரியம்மாவை வைதாள், இனிமே அவ வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்றாள். மறுநாளில் இருந்து அந்த ஒரு சாண். காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்க செண்பகத்தைக் கூப்பிடுவார். ஒன்பதாவதில் அவள் சைக்கிளில் இருந்து விழுந்து கை வீங்கி வந்தபோது, மேஜையில் கையை வைத்துச் சரிசெய்து படம் எடுத்தார். ஊரில் எல்லாருடைய கையையும் அப்படித்தானே பிடிக்கிறோம், இது வேலை என்று சொல்லிக்கொண்டார். எலும்பு முறியவில்லை. படத்தை இருட்டறையில் வைத்துப் பார்த்தபோது அந்தச் சின்ன விரல் எலும்புகளைப் பார்த்து ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. அவருக்கென்று ஒன்று பிறக்கவில்லை. அதற்காக அவரும் செண்பகமும் எந்த டாக்டரிடமும் போகவும் இல்லை. "அண்ணாச்சி, கைய அது மேல போடுங்க. தோள்ல போடுற மாரி." அவர் கையைத் தூக்கினார். துண்டு சுற்றின இரும்புத் தண்டுதான். ஆனாலும் கை பாதியில் நின்றது. "அப்பா பொண்ணு தோள்ல போடுறதுக்கு என்ன கூச்சம்?" என்று ரோஸ்லின் கேமராவுக்குப் பின்னால் இருந்து சிரித்தாள். சொன்ன பிறகு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று அவள் சிரிப்பு அடங்கியது. வேல்மயில் போட்டிருப்பான், யோசித்திருக்கவே மாட்டான், நாலு பேர் பார்க்கட்டும் என்று போட்டிருப்பான் என்று ஆவுடையப்பன் நினைத்தார். இது என் கை இல்லை, அவன் கை, அவனுக்காகப் போடுகிறேன். கை இறங்கியது. துண்டு மெத்தென்று இருந்தது. மூச்சை எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை, "மூச்ச விடுங்க அண்ணாச்சி, சும்மா இருங்க" என்று அவள் சொல்லும்படி ஆகிவிட்டது.

அவருடைய தலையை அவள் எடுத்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வலிக்கவில்லை. அவர் சட்டை, அவர் வேட்டி, கொஞ்சம் தளர்ந்த அவர் வயிறு, தாரணியின் அரக்குச் சேலைத் தோளில் அவர் கை, மேலே வேல்மயில். பொருத்தமாக இல்லை. என்ன என்று சொல்லத் தெரியவில்லை, ரோஸ்லின்தான் சொன்னாள். "ரெண்டு கேள்வி அண்ணாச்சி. ஒண்ணு, இவங்க எவ்வளவு உயரம்? நீங்க நல்ல உயரம், அப்பிடியே விட்டா சரியா? இன்னொண்ணு, முகம் சின்ன வயசு முகம். பொண்ணுக்கு அண்ணன் மாரி இருக்கு. வயசு ஏத்தி, நரை போடட்டுமா, இப்பிடியே விடட்டுமா?" இருபத்தேழு வயதில் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் போனவன். தாரணிக்கு அப்போது எட்டு மாதம், இப்போது இருபத்துநாலு வயது. உயரம் எவ்வளவு? உயரமானவன் என்றுதான் ஆவுடையப்பன் எப்போதும் நினைத்துக்கொண்டிருந்தார். அவரைவிட ஒரு பிடி உயரம், அகலமான மார்பு, வீட்டுக்குள் வந்தால் நிலை இடிக்கும். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் செண்பகம் எதையாவது பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்த உயரமான ஆள் அவள் பக்கத்தில் வந்து நிற்பான். இவர் அங்கே போகாமல் வாசலில் போய் நிற்பார். வெளியே வந்து மாடிப்படியில் நின்றுகொண்டு போனை எடுத்தார். செண்பகத்தைத் தவிர உலகத்தில் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. "செம்பகம், ஒண்ணு கேக்கணும்" என்றார். "மொதல்ல நான் ஒண்ணு கேக்கேன்" என்றாள் அவள். "உறையில இருந்த படத்த நீங்க எடுத்தீங்களா? காலையில இருந்து வீட்டையே கலைச்சுப் போட்டுத் தேடிக்கிட்டு இருக்கேன்." "நாந்தான் எடுத்தேன்" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். போனில் பார்த்தது, ஆறு விரல், ஸ்டுடியோ, உடம்பு. சொல்லச் சொல்லப் படியில் உட்கார்ந்துவிட்டார். மறுமுனையில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. "அவரு எவ்வளவு உயரம்னு கேக்காங்க" என்று முடித்தார். பிறகு செண்பகம் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, தெரியவில்லை. "உயரமா? கட்டைங்க அவரு. உங்க தோளுக்குத்தான் வருவாரு."

அதற்குப் பிறகு அவர் கேட்க வேண்டியே இருக்கவில்லை, அவளே சொல்லிக்கொண்டு போனாள். பல்லுத் தெரிய சிரிக்க மாட்டாரு, முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்கும், அந்த வெக்கம். அவங்க வீட்ல எல்லாருக்கும் முப்பதுலயே காதோரம் நரைச்சிரும். அவருக்கே ரெண்டு முடி வந்திருச்சு, பிடுங்கச் சொல்லி எங்கிட்டத் தலையைக் குடுப்பாரு. தாரணி பொறந்த அன்னைக்கு மில்லுல இருந்து தலை முழுக்கப் பஞ்சோட ஓடி வந்தாரு, நர்ஸம்மா உள்ள விடல, சன்னல் வழியா பாத்துக்கிட்டே நின்னாரு. செண்பகம் நிறுத்தினாள். ஒவ்வொன்றும் அவர் நெஞ்சில் எங்கேயோ போய் இடித்தது. ஆனால் அவர் பயந்திருந்த அளவுக்கு வலிக்கவில்லை. "நிக்கறது எப்பிடி? நடை எப்பிடி?" என்று கேட்டார். அவள் யோசித்தாள். "அது வரலைங்க" என்றாள் கடைசியில். "நெனைச்சு நெனைச்சுப் பாக்கேன். நடைய நெனைச்சா உங்க நடைதான் வருது. பத்தொம்பது மாசம்தானங்க இருந்தேன் அவரோட." தெருவில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. "இத்தன வருசமா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றாள் செண்பகம். "நீ சொல்லியிருக்கலாம்ல." "நீங்க கேக்கலைன்னுதான் சொல்லல." "நரை போடச் சொல்லட்டுமா?" என்றார். அதை மட்டும் அவள் சொல்லவில்லை. "உங்களுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடிச் செய்யுங்க" என்று வைத்துவிட்டாள்.

ரோஸ்லின் உடம்பைக் குறைத்தாள். வேல்மயில் அவர் தோள் உயரத்துக்கு இறங்கினான். நிலை இடிக்கிற அந்த ஆள் எங்கே போனான் என்று தெரியவில்லை. கட்டையான, வெட்கப்படுகிற ஒரு மில்காரன் நின்றுகொண்டிருந்தான். ரிஜிஸ்டரில் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு மாதம் ஐம்பது பேர் அப்படி வருகிறார்கள். இனி நரை. நரை போடாவிட்டால் அவன் செத்தவன்தான், பார்த்ததுமே தெரியும், பிள்ளைக்கு அப்பா என்று யாரும் நம்ப மாட்டார்கள். போட்டால், அவன் இருந்திருப்பான். காமாலை வந்து எழுந்து, பத்தியம் இருந்து, மில்லுக்குத் திரும்பிப் போயிருப்பான். தாரணிக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருப்பான், அவள் விழுந்திருப்பாள், கை வீங்கியிருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். அங்கே எக்ஸ்ரே அறையில் ஆவுடையப்பன் என்று ஒருவர் இருந்திருப்பார். கையை இப்படி வைம்மா, ஆடாதே என்று சொல்லி இரண்டு நிமிஷத்தில் வெளியே அனுப்பியிருப்பார். அவ்வளவுதான். செண்பகம் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், அவளை அவர் பார்த்திருக்கக்கூட மாட்டார். மூன்று பேரும் படி இறங்கிப் போவார்கள், அவர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். சாயங்காலம் பூட்டிக்கொண்டு போய், எந்த வீட்டுக்கு? குளிர்ந்த காற்று பிடரியில் பட்டது. ஏசிதான். ரோஸ்லின் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவசரப்படுத்தவில்லை. திரையில் அந்தக் கட்டை மனிதன் மகளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, சன்னல் வழியாகப் பார்ப்பவன் போல அவரைப் பார்த்தான். உள்ளே விடச் சொல்லி அவன் கேட்கவும் இல்லை. "போடும்மா" என்றார் ஆவுடையப்பன். "காதோரம் மட்டும். அவங்க வீட்ல காதோரம்தான் நரைக்குமாம்." அவள் ஒரு இழை, ஒரு இழையாக வரைந்தாள். கண்ணுக்குக் கீழே லேசாகச் சதை தொங்கியது, கழுத்தில் இரண்டு வரி விழுந்தது. ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையை ஆட்டினார்.

மாடிப்படியில் வேகமாக யாரோ ஏறி வரும் சத்தம். பிளவுஸ் வாங்க பஜாருக்குப் போயிருந்த தாரணி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். "நீங்க இங்க படம் பண்றீங்கன்னு அம்மா போன் பண்ணிச் சொன்னா" என்றாள். அவர் எழுந்துவிட்டார். போனைத் துருவிப் பார்த்ததாக நினைப்பாளோ என்று பட்டது. "தள்ளித் தள்ளிப் பாக்கச் சொன்னல்ல, ஒண்ணு கூட வந்திருச்சும்மா" என்றார். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. திரைக்கு முன்னால் வந்து நின்றாள். ரோஸ்லின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினாள். தாரணி ரொம்ப நேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. யாராவது ஒருவரைப் புதிதாக அறிமுகப்படுத்தினால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். "பல்லு தெரியலையே?" என்று மெதுவாகக் கேட்டாள். "தெரியாது. முன்பல்லு ஒண்ணு உடைஞ்சிருக்குமாம். உங்கம்மா சொன்னா." அவள் சட்டென்று திரும்பினாள். "அம்மா பேசினாளா? இவரப் பத்தியா? உங்ககிட்டயா?" "இப்பத்தான். போன்ல." "எங்கிட்ட ஒண்ணுமே சொன்னது இல்லப்பா. கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு நானும் கேக்கல." அவள் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தாள். அவர் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை அவர் பக்கமாக நகர்த்திவிட்டு, இன்னொன்றை இழுத்து ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள். முழங்கால் முழங்காலில் இடித்தது. "சொல்லுங்க. என்ன சொன்னா? எல்லாத்தையும் சொல்லுங்க." ஆவுடையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறு நிமிஷம் பேசின பேச்சு, அதில் எதையும் விட்டுவிடக் கூடாது, எங்கே ஆரம்பிப்பது என்று ஒரு கணம் தடுமாறினார்.

"உங்கப்பா கட்டை, தாரணி" என்றார். "என் தோளுக்குத்தான் வருவாரு."